கல்லிடைக்குறிச்சியிலிருந்து பல்லாவரம்: விமானத்தில் போனால் உண்மையில் எத்தனை மணி நேரம்?

கல்லிடை_மைந்தன்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் சித்தப்பா மகளுக்குப் பல்லாவரத்தில் கல்யாணம். முகூர்த்தம் காலை 9 மணியிலிருந்து 10.30 வரை. முதல் நாள் மாலை வரவேற்புக்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான், அம்மா, ஆச்சி மூன்று பேர். ஆச்சிக்கு 78 வயது, இரண்டு முட்டியிலும் வலி. அதிக நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் வீங்கிவிடும்.

தூரத்தைத் தேடிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் திருநெல்வேலி சென்னை 558 கி.மீ., விமானத்தில் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறது. இன்னொரு பக்கத்தில் 527. டிக்கெட் எடுக்கப் போனால் பயண நேரம் ஒன்றரை மணி என்று காட்டுகிறது. ரயிலில் 650 கி.மீ., சாலையில் 625. ஒரே இரண்டு ஊருக்கு நடுவில் இத்தனை கணக்கா? எதை வைத்து முடிவு செய்வது? வந்தே பாரத், நெல்லை எக்ஸ்பிரஸ், வாகைக்குளத்திலிருந்து விமானம், மூன்றில் எது எங்களுக்குச் சரியாக இருக்கும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை_கணக்கு

தம்பி, நீங்கள் பார்த்த எண்கள் எல்லாமே சரிதான். ஒவ்வொன்றும் வேறு வேறு இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம், அவ்வளவுதான்.

558 என்பது திருநெல்வேலி ஊரின் நடுவிலிருந்து சென்னை ஊரின் நடுவுக்கு நேர்கோட்டில் அளந்தது. ஆனால் திருநெல்வேலியில் விமான நிலையம் கிடையாது. விமானம் புறப்படுவது நமக்குக் கிழக்கே, தூத்துக்குடி போகும் வழியில் உள்ள வாகைக்குளத்திலிருந்து. இறங்குவது மீனம்பாக்கத்தில். அந்த இரண்டுக்கும் நடுவே 527.

இதை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். வாகைக்குளம் 8.72 டிகிரி வடக்கு, 78.03 டிகிரி கிழக்கு. மீனம்பாக்கம் 12.99 வடக்கு, 80.17 கிழக்கு. வடக்கே 4.27 டிகிரி போகிறோம். நம் பக்கத்தில் அட்சரேகை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 110.6 கி.மீ., ஆக 472 கி.மீ. கிழக்கே 2.14 டிகிரி. தீர்க்கரேகை ஒரு டிகிரி என்பது இந்த அட்சரேகையில் 109 கி.மீ.க்குச் சற்று மேல், ஆக 234 கி.மீ. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 527 வரும். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றமேதான். பூமி உருண்டை என்பதால் லண்டன், நியூயார்க் தூரத்துக்கு இது ஒத்துவராது. 500 கி.மீ. தூரத்துக்குத் தாராளமாகப் போதும். பிள்ளைகளிடம் ஒரு முறை போட்டுக் காட்டுங்கள், வரைபடத்தின் மேல் தனிப் பிரியம் வந்துவிடும்.

ரயில் 650 ஆவதற்குக் காரணம், அது மதுரை, திண்டுக்கல், திருச்சி, விழுப்புரம் என்று வளைந்து போகிறது. நேர்கோட்டை விட 90 கி.மீ.க்கு மேல் கூடுதல்.

ஏடிஆர்_ரசிகர்

சார் தூரத்தைச் சொல்லிவிட்டார். நான் நேரத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் தேடல் பக்கங்கள் பெரும்பாலும் தவறுவது அங்கேதான்.

அந்தப் பக்கங்கள் தூரத்தை ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்துப் போட்டுவிடுகின்றன. ஜெட் என்றால் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல். ஆனால் வாகைக்குளம் வழித்தடத்தில் நாம் பல ஆண்டுகளாகப் பார்த்து வருவது ஏடிஆர் 72. இரண்டு பக்கமும் காற்றாடி சுழலும் விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. சுமார். அந்தக் கணக்கில் பார்த்தாலே 527 கி.மீ.க்கு ஒரு மணி ஐந்து நிமிடம் ஆகிறது. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகத்தில் போகாது. அதையும் சேர்த்தால் காற்றில் இருக்கும் நேரம் மட்டும் ஒன்றேகால் மணியை ஒட்டி வரும்.

டிக்கெட்டில் போடும் நேரம் அதுவும் அல்ல. நிறுத்தியிருந்த இடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்குவது முதல், போய்ச் சேரும் ஊரில் சக்கரம் நிற்கும் வரை உள்ள முழு நேரம் அது. சென்னையில் ஓடுபாதைக்காகக் காத்திருப்பது, இறங்கிய பிறகு நிறுத்துமிடம் வரை ஊர்ந்து போவது எல்லாம் அதற்குள் அடக்கம். அதனால்தான் ஒன்றரை மணி.

காற்றும் ஒரு கை பார்க்கும். விமானம் காற்றை எதிர்த்து இறங்க வேண்டும் என்பது விதி. சென்னையின் பெரிய ஓடுபாதை ஏறத்தாழ கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்கிலிருந்து வந்து இறங்குவார்கள், தெற்கிலிருந்து வரும் நமக்கு அது வசதி. தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் கடல் மேலே போய்த் திரும்பி, கிழக்கிலிருந்து வந்து இறங்க வேண்டியிருக்கும். வரிசை நீளமாக இருந்தால் வானத்திலேயே ஒரு சுற்றுச் சுற்ற வைப்பதும் உண்டு. பதறாதீர்கள், எரிபொருள் அதற்கும் சேர்த்தே போட்டிருப்பார்கள்.

ஜங்ஷன்_வாசல்

விமானம் விமானம் என்று எல்லோரும் ஓடுவதற்கு முன்னால் ரயிலைப் பற்றியும் நாலு வார்த்தை கேளுங்கள்.

திருநெல்வேலி சென்னை வந்தே பாரத் 2023 செப்டம்பர் 24-ல் தொடங்கியது. காலை 6 மணி வாக்கில் ஜங்ஷனில் புறப்பட்டால் எழும்பூருக்கு ஏறத்தாழ 7 மணி 50 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 83 கி.மீ. ஒரு காலத்தில் இந்தப் பாதையில் சிக்னலுக்காக எதிர் வண்டி வரும்வரை காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். மதுரைக்குத் தெற்கே இரட்டைப் பாதை வேலை 2024-ல் முடிந்தது பெரிய காரியம். 1876-ல் முதன்முதலாக ரயில் வந்த ஊர் இது, அன்றிலிருந்து நம் ஜனங்களை வெளியூருக்குக் கொண்டுபோய் விட்டதும், பொங்கலுக்குத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்ததும் இந்தத் தண்டவாளம்தான்.

அப்புறம் முக்கியமான விஷயம்: நீங்கள் எழும்பூர் வரை போக வேண்டாம். வந்தே பாரத் தாம்பரத்தில் நிற்கும். அங்கிருந்து பல்லாவரம் மின்சார ரயிலில் மூன்றாவது நிறுத்தம்தான். பகல் ஒன்றேகால் மணியளவில் தாம்பரம், ஒன்றே முக்காலுக்குள் மண்டபம். வரவேற்புக்கு நேரம் தாராளம். வாரத்தில் ஒரு நாள் வண்டி கிடையாது, உங்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லிடை_மைந்தன்

அண்ணாச்சி, தாம்பரம் யோசனை நன்றாக இருக்கிறது. ஆனால் 6 மணி வண்டியைப் பிடிக்க கல்லிடையிலிருந்து 4.30-க்கே கிளம்ப வேண்டும். ஆச்சி மூன்று மணிக்கு எழுந்து குளித்துவிட்டுத்தான் புறப்படுவார்கள். அப்புறம் தாம்பரம் வரை ஏழு மணி நேரம் உட்கார்ந்தே போக வேண்டும். முட்டிக்கு அது தாங்குமா என்பதுதான் என் கவலை.

ஜங்ஷன்_வாசல்

அப்படியென்றால் இரவு வண்டிதான் சரி. நெல்லை எக்ஸ்பிரஸில் படுத்துக்கொண்டு போகலாம். கீழ் படுக்கைக்கு மூத்த குடிமக்கள் ஒதுக்கீடு இருக்கிறது, பெண்கள் என்றால் 45 வயதுக்கு மேலேயே கிடைக்கும். ஆனால் ஒரு டிக்கெட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருக்க வேண்டும். உங்கள் பெயரையும் சேர்த்துப் போட்டால் அந்த ஒதுக்கீட்டில் வராது. அம்மாவுக்கும் ஆச்சிக்கும் தனி டிக்கெட், உங்களுக்குத் தனி டிக்கெட் போடுங்கள். இது பலருக்குத் தெரியாமல் வயதானவர்களை மேல் படுக்கைக்கு ஏறச் சொல்லி அவதிப்படுகிறார்கள். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். கல்யாணம் அடுத்த மாதம் என்றால் இப்போதே பாருங்கள்.

தென்காசிச்_சாரல்

நீங்கள் கல்லிடைக்குறிச்சி என்கிறீர்கள், எல்லோரும் உங்களைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் அங்கிருந்து கணக்குப் போடுகிறார்கள். ஆற்றைத் தாண்டினால் அம்பாசமுத்திரம் ஸ்டேஷன். செங்கோட்டையிலிருந்து தாம்பரம் வரை போகும் எக்ஸ்பிரஸ் அங்கே நிற்கிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய வண்டி, வாரத்தில் மூன்று நாள். மாலையில் ஏறிப் படுத்தால் அதிகாலையில் தாம்பரம். அருப்புக்கோட்டை, காரைக்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று சுற்றிக்கொண்டு போவதால் நேரம் கூடுதல்தான். ஆனால் வழியில் ஒரு தடவைகூட இறங்கி ஏற வேண்டாம். முட்டுவலி உள்ளவர்களுக்கு வண்டி மாறுவதும் படி ஏறுவதும்தான் கஷ்டம், தூரம் அல்ல. என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போய் வந்ததால் சொல்கிறேன்.

எங்கள் பக்கம், அதாவது தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில் ஆட்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இரவுப் பயணம், காலையில் சென்னை. அதை விட்டுவிட்டு வாகைக்குளம் வருவதற்கு எங்களுக்கு வழி நெடுகத் திருநெல்வேலி போக்குவரத்தைக் கடக்க வேண்டும். அந்த நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

முத்துநகர்_72

அக்கா சொல்வது உண்மை. வாகைக்குளம் தூத்துக்குடிக்காரர்களுக்கும் பாளையங்கோட்டை, கேடிசி நகர்க்காரர்களுக்கும் கையெட்டும் தூரம். கேடிசி நகரிலிருந்து நாலுவழிச் சாலையில் ஏறினால் அரை மணி. மேற்கே போகப் போகத்தான் கதை மாறுகிறது. கல்லிடையிலிருந்து சேரன்மகாதேவி வழியாக வந்தால் மொத்தம் 70 கி.மீ. அளவில் இருக்கும். ஊருக்குள் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வல்லநாட்டில் தாமிரபரணி மேல் உள்ள பாலத்தில் பழுதுபார்க்கும் வேலை நடக்கும் நாட்களில் இரு பக்க வண்டியையும் ஒரே பக்கமாக விடுவார்கள். கிளம்புமுன் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த விமான நிலையம் இன்று இருக்கும் நிலை வேறு. 2025 ஜூலை 26-ல் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். சுமார் 450 கோடி ரூபாய் வேலை. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். பழைய நீளத்தில் ஏடிஆருக்கு மேல் பெரிதாக எதுவும் இறங்க முடியாது. இப்போது ஏ321 ஜெட் விமானத்தின் அளவு வரை தாங்கும். இதற்காக எத்தனை ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தோம்!

ஏடிஆர்_ரசிகர்

முத்துநகர் அண்ணாச்சி, அந்த நீளத்தின் பயன் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் ஜெட் வந்தால் சென்னைக்கு அரை மணியில் போய்விடலாம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 527 கி.மீ. என்பது ஜெட்டுக்குச் சின்னத் தூரம். ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். மதுரையிலிருந்து சென்னை 417 கி.மீ.தான், அதற்கே ஜெட்டில் டிக்கெட் நேரம் ஒரு மணிக்கு மேல் போடுகிறார்கள். ஆக வாகைக்குளத்திலிருந்து ஜெட்டில் போனால் மிச்சமாவது கால் மணி நேரம் அளவுதான்.

உண்மையான பயன் வேறு இடத்தில். இங்கிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 1,275 கி.மீ., டெல்லி 2,200 கி.மீ. இந்தத் தூரங்களுக்கு ஏடிஆரை விட மாட்டார்கள், ஜெட் வேண்டும். தாராவியிலும் மாதுங்காவிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கும் நம் ஊர்க்காரர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு சாவுக்கு வர வேண்டுமென்றால் ரயிலில் ஒன்றரை நாள். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்த 1,275 கி.மீ. ஜெட்டில் இரண்டு மணி நேரச் சமாச்சாரம். சென்னைக்குக் கால் மணி நேரம் குறைவதை விட இதுதான் நம் மாவட்டத்துக்கு வேண்டியது என்பேன்.

பாளை_கணக்கு

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். வீட்டு வாசல் முதல் மண்டப வாசல் வரை கணக்குப் போடுகிறேன்.

விமானம்: கல்லிடையிலிருந்து வாகைக்குளம் 2 மணி நேரம். பெட்டி போடும் கவுண்டரை உள்நாட்டு விமானங்களில் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுகிறார்கள், அதனால் ஒன்றரை மணி முன்னதாக அங்கே இருக்க வேண்டும். பறக்கும் நேரம் டிக்கெட்படி ஒன்றரை மணி. இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. மீனம்பாக்கத்திலிருந்து பல்லாவரம் பக்கத்து ஊர், கால் மணி. மொத்தம் ஐந்தே முக்கால் மணி.

வந்தே பாரத்: 4.30-க்கு வீட்டிலிருந்து கிளம்பி 1.45-க்கு மண்டபம். மொத்தம் ஒன்பதே கால் மணி.

டிக்கெட்டைப் பார்த்தால் ஒன்றரை மணிக்கும் 7 மணி 50 நிமிடத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் போலத் தெரியும். வாசலுக்கு வாசல் போட்டால் மிச்சம் மூன்றரை மணிதான். கேடிசி நகரில் இருப்பவருக்கு இதே கணக்கில் விமானம் நாலேகால் மணியில் முடிந்துவிடும். தென்காசி அம்மாவுக்கு ஆறரை, ஏழு மணிக்குப் போய்விடும், அதற்குப் பொதிகையில் தூங்கிக்கொண்டே போகலாம். போக வேண்டிய இடம் பல்லாவரம் என்பதால் விமானம் உங்களுக்கு இவ்வளவு சாதகமாக இருக்கிறது. மண்டபம் பெரம்பூரிலோ அம்பத்தூரிலோ இருந்திருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆகவே "திருநெல்வேலி சென்னை எவ்வளவு நேரம்" என்று யாராவது கேட்டால் நான் முதலில் எந்தத் தெரு, எந்த மண்டபம் என்றுதான் கேட்பேன்.

வள்ளியூர்க்_காற்று

நல்ல இழை. நடுவில் ஒரு கேள்வியைச் செருகுகிறேன், மன்னிக்கவும். தம்பி துபாயில் இருக்கிறான். ஊருக்கு வர வேண்டும். துபாய் சென்னை, பிறகு சென்னை வாகைக்குளம் என்று இரண்டு டிக்கெட் எடுக்கலாம் என்கிறான். எப்போதும் திருவனந்தபுரம்தான் வருவான். எது மேல்? இன்னொன்று, சென்னை டிக்கெட்டில் புறப்படும் நேரத்துக்கும் வந்து சேரும் நேரத்துக்கும் நடுவே ஐந்தரை மணி காட்டுகிறது. நாலு மணி நேரம் என்றுதானே சொல்வார்கள்?

ஏடிஆர்_ரசிகர்

நேரக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். துபாய் நம்மை விட ஒன்றரை மணி பின்னால். அங்கே இரவு 10 மணி என்றால் இங்கே 11.30. நாலு மணி நேரம் பறந்து வந்தால் இங்கே விடியற்காலை 3.30. ஐந்தரை மணி போலத் தெரிகிறது. இங்கிருந்து போகும்போது தலைகீழ்: நாலேகால் மணி பறந்தாலும் கடிகாரத்தில் இரண்டே முக்கால் மணிதான் ஓடியிருக்கும். வரவேற்க வண்டி பிடித்துப் போகிறவர்கள் இந்த ஒன்றரை மணியைச் சரியாகப் பார்க்க வேண்டும்.

இப்போது தூரம். துபாயிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,930 கி.மீ. துபாயிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 2,950. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லலாம்! ஆக சென்னையில் இறங்குவதால் ஒரு நிமிடமும் மிச்சமில்லை, அதற்குப் பிறகு 527 கி.மீ. தெற்கே திரும்பி வர வேண்டும். சென்னையில் குடிநுழைவு, சுங்கம் முடித்து, பெட்டியை எடுத்து, உள்நாட்டு முனையத்துக்குப் போய் மறுபடி போட வேண்டும். மூன்று மணி நேரமாவது இடைவெளி இல்லாமல் டிக்கெட் எடுக்கக் கூடாது. இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டி எடையும் கவனம்: வளைகுடாவிலிருந்து 30 கிலோ வரை கொண்டுவர விடுவார்கள், உள்நாட்டில் வழக்கமாக 15 கிலோ. மிச்சத்துக்குப் பணம் கட்ட வேண்டும். வள்ளியூரிலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் 100 கி.மீ. சுமார். உங்களுக்குத் திருவனந்தபுரத்தை மிஞ்ச எதுவும் இல்லை.

தென்காசிச்_சாரல்

திருவனந்தபுரம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது: அம்பாசமுத்திரத்திலிருந்து அந்த விமான நிலையம் நேர்கோட்டில் எவ்வளவு இருக்கும் சார்? மலைக்கு அந்தப் பக்கம்தானே?

பாளை_கணக்கு

போட்டுப் பார்த்தேன். 63 கி.மீ. வாகைக்குளம் நேர்கோட்டில் ஏறக்குறைய இதே அளவுதான்! ஆனால் நடுவில் நிற்பது பொதிகை மலை. அகத்தியர் மலை 1,868 மீட்டர். பாபநாசம், காரையாறு வரை போகலாம், அதற்கு மேல் காடு, சாலை கிடையாது. ஒன்று தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை என்று வடக்கே சுற்ற வேண்டும், இல்லையென்றால் நாங்குநேரி, நாகர்கோவில் என்று தெற்கே சுற்ற வேண்டும். எப்படிப் போனாலும் 140, 150 கி.மீ. அந்த மலை அங்கே நிற்பதால்தான் தாமிரபரணி ஓடுகிறது, எனவே சுற்றிப் போவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

முத்துநகர்_72

சார், இதையும் போட்டுப் பாருங்கள், வாகைக்குளத்திலிருந்து கொழும்பு.

பாளை_கணக்கு

கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க 7.18 வடக்கு, 79.88 கிழக்கு. தெற்கே 170, கிழக்கே 204. வருவது 265 கி.மீ. சென்னை தூரத்தில் சரிபாதி.

முத்துநகர்_72

அதைத்தான் எல்லோருக்கும் சொல்ல நினைத்தேன். சென்னையை விடக் கொழும்பு நமக்குப் பக்கம். ஏடிஆரில்கூட ஒரு மணி நேரத்துக்குள் போகும் தூரம். நம் தாத்தாக்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் கொழும்புக்குப் போவது அன்றாடச் சங்கதியாக இருந்தது. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இதே தூத்துக்குடி கொழும்பு வழியில் ஓட்டத்தான். ஓட்டப்பிடாரத்துக்காரர், இந்தக் கடலின் கணக்கு அவருக்குத் தெரியும். நம் பக்கத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கொழும்புச் செட்டித் தெருவில் கடை வைத்திருந்தன. ஓடுபாதை 3,115 மீட்டர் ஆகிவிட்டது. பன்னாட்டுச் சேவைக்கு வழி பிறந்தால் முதலில் கேட்க வேண்டியது துபாயோ சிங்கப்பூரோ அல்ல, கொழும்புதான் என்று நான் போகும் இடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

ஜங்ஷன்_வாசல்

இதில் நானும் உங்களோடு. அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம்: ஜங்ஷனிலிருந்து விமான நேரத்துக்குத் தக்கபடி ஒரு பேருந்து வேண்டும். 450 கோடி முனையம் வந்துவிட்டது, அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கும் வயதானவர் அங்கே போய்ச் சேர வாடகைக் கார்தான் கதி. போகும் வழிச் செலவு விமான டிக்கெட்டோடு போட்டி போடும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று விட்டால்கூட மேற்கே இருப்பவர்களுக்குக் கணக்கே மாறிவிடும்.

கல்லிடை_மைந்தன்

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அம்மாவிடமும் ஆச்சியிடமும் பேசினேன். போகும்போது விமானம், ஏனென்றால் வரவேற்புக்குக் களைப்பில்லாமல் போக வேண்டும். திரும்பும்போது அவசரம் இல்லை. சாரல் அக்கா சொன்ன வண்டி கல்யாணத்துக்கு மறுநாள் இரவு இருக்கிறது, தாம்பரத்தில் ஏறி அம்பாசமுத்திரத்தில் இறங்கிவிடுவோம். அவர்கள் இரண்டு பேருக்கும் தனி டிக்கெட் போட்டேன், இரண்டும் கீழ் படுக்கை கிடைத்துவிட்டது. அண்ணாச்சிக்குக் கோடி நன்றி.

ஆச்சி விமானத்தில் ஏறியதே இல்லை. ஏடிஆரில் படி ஏற முடியுமா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

ஏடிஆர்_ரசிகர்

ஏடிஆரில் பின்பக்கக் கதவு வழியாக ஏற வேண்டும். விமானம் தாழ்வாக இருப்பதால் படிகள் குறைவு. ஆனாலும் முட்டுவலிக்காரருக்கு அதுவும் சிரமம்தான். சக்கர நாற்காலி வேண்டும் என்று இப்போதே பதிவு செய்துவிடுங்கள், இரண்டு நாளாவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். படி ஏற முடியாது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள், அதற்கு ஏற்பாடு செய்வார்கள். கதவு பின்னால் இருப்பதால் பின்வரிசையில் இருக்கை போடுங்கள், உள்ளே நடக்கும் தூரம் குறையும்.

கைப்பையைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே பெட்டி வைக்கும் இடம் ஏடிஆரில் குறுகல். ஆச்சிக்கு ஜன்னல் இருக்கை கொடுங்கள். இறக்கை கூரைக்கு மேலே இருப்பதால் கீழே ஊர்கள் மறைக்காமல் தெரியும், ஜெட்டை விடத் தாழ்வாகப் பறப்பதால் குளங்கள்கூட அடையாளம் தெரியும். வலது பக்கம் கேளுங்கள், போகும்போது கடற்கரை அந்தப் பக்கம்தான்.

தென்காசிச்_சாரல்

முட்டிக்குப் போடும் உறை இருந்தால் போட்டுவிடுங்கள். தைலப் புட்டியைக் கைப்பையில் வைத்தால் 100 மில்லிக்கு மிகாமல் இருக்கட்டும். கல்யாணப் பலகாரம், முறுக்கு, அதிரசம் எல்லாம் கைப்பையில் கொண்டுபோகலாம், ஆனால் எடை 7 கிலோவுக்குள். நெய், ஊறுகாய் இருந்தால் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். ஆச்சியின் ஆதார் அட்டையை மறக்காதீர்கள், பெயர் டிக்கெட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.